முப்பத்தொன்பதின் கீழ் இரண்டு

கிராண்ட்பாஸில் நிஸ்தார் நானாவின் பழைய மரக்கடையில்
சுவரில் சாய்ந்து நின்றது கதவு,
திறப்பதற்கு ஒரு வீடு இல்லாமல்.
வெள்ளவத்தையில் ஏதோ ஒழுங்கையில் கழற்றியதாம்.
அந்த வளவில் இப்போது பன்னிரண்டு மாடி எழும்புகிறதாம்.
"பலா மரம் தங்கச்சி, கறையானுக்குப் பல்லு உடையும்."
இருபதாயிரம் சொன்னார்,
தேத்தண்ணி ஆறுவதற்குள் பதினாலுக்கு வந்தார்.

எங்களுக்குத் தேவை ஒரு சாப்பாட்டு மேசை.
கடையில் விற்பது அமுக்கிய மரத்தூள்,
ஒரு மழைக்கே உப்பிவிடும்.

த்ரீவீலின் முதுகில் கயிறு போட்டுக் கட்டினோம்.
மருதானைச் சந்தியிலிருந்து ரூபகாந்தன்
ஒரு கையை வெளியே நீட்டிக் கதவைப் பிடித்தபடியே வந்தான்,
யாரோ தட்டிவிடுவார்கள் என்பதுபோல.
வெள்ளவத்தைக் கதவு வெள்ளவத்தைக்கே திரும்பியது.
லிஃப்டுக்குள் நுழையவில்லை.
ஐந்து மாடியும் தோளில்.
மூன்றாம் மாடியில் ஒருவர் செருப்பைக் கழற்றி
ஓரமாய் ஒதுங்கி நின்றார்.
கதவென்று கண்டதும் வெட்கத்தோடு சிரித்தார்.

கால்களுக்கு,
குப்பை லொறிக்காக வாசலில் வைத்திருந்த
தையல் மெசினின் இரும்புக் கால்கள்.
ஒரு சோடி போதாது. அடுத்ததற்கு
இரண்டு மாதம் காத்திருந்தோம்,
கதவை நிலத்தில் போட்டு அதைச் சுற்றி நடந்தபடி.

பியதாச பாஸ் வந்து முதலில் கேட்டது:
"நோனா, எந்தப் பக்கம் மேலே?"

உட்பக்கத்தில் மூன்று தாழ்ப்பாள்.
ஒரு வீட்டுக்கு ஏன் மூன்று?
இரண்டு பித்தளை. மூன்றாவது இரும்பு,
அவசரத்தில் அடித்ததுபோல் கோணலாக.
வெளிப்பக்கத்தில் 39/2 என்று வெள்ளைப் பெயின்ட்.
பூட்டுக்கு அருகே ஆழமாய் நாலைந்து வெட்டு.

"சாமான் ஏற்றி இறக்கும்போது பட்டிருக்கும்" என்றான் ரூபன்.
இருக்கலாம்.
பாஸ் பெருவிரலால் ஒவ்வொன்றாய்த் தடவினார்.
அவருக்கு அறுபது தாண்டியிருக்கும்.
"பட்டி வைத்து அடைக்கவா?"
வேண்டாம் என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மற்ற இடமெல்லாம் சீவினார், அரத்தாள் போட்டார்.
அந்தச் சாண் அகலத்தை மட்டும்
ஈரத்துணியால் துடைத்துவிட்டார்.

உட்பக்கம் மேலே வந்தது.
பித்தளைத் தாழ்ப்பாள்களில் இப்போது
கைதுடைக்கும் துணி தொங்குகிறது.
சாவித்துவாரத்தில் ஒரு மணிபிளான்ட்,
கீழே கட்டிய ஜாம் போத்தலில் அதன் வேர்.
கோணல் தாழ்ப்பாளை விட்டுவைத்தோம்.
பருப்பு வரும்வரை மிதுரா
அதைத் திறப்பாள், பூட்டுவாள், திறப்பாள்.
காலால் மெசின் பலகையையும் மிதிப்பாள்.
ஒன்றும் தைபடுவதில்லை.

அழகாயிருக்கிறது என்கிறார்கள் வருகிறவர்கள்.
எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு, படம் எடுக்கவா.
அழகுதான். எண்ணெய் பூசிய பலா
மின்குமிழின் கீழ் மஞ்சளாய் எரிகிறது.
தட்டு இருக்கும் பக்கம் வீடு,
முழங்கால் இருக்கும் பக்கம் தெரு.
இதை யாரிடமும் சொல்வதில்லை.
சில இரவுகளில் சாப்பிடும்போது
என் முழங்கால் அந்த வெட்டுகளைத் தேடிப் போகும்,
நாக்கு விழுந்த பல்லைத் தேடுவதுபோல.

போன ஞாயிறு மேல்மாடி ஜெனோவா குடும்பத்தோடு வந்தாள்.
மகனுக்கு இழுப்பு வந்து ஆறு மாதமாகிவிட்டதாம்.
"டச் வுட்" என்று
மேசையை மூன்று தரம் தட்டினாள்.

மேசைக்கடியில் வீடு கட்டி விளையாடிய மிதுரா
அங்கிருந்தே கேட்டாள்:
"ஆர்?"

எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான், கொஞ்சம் பிந்தி.
உள்ளேயிருந்து தட்டியது நாங்கள்.
வெளியே நின்று கேட்கிறது பிள்ளை.

"ஆர் எண்டு கேக்கிறன்!"

"நாங்கள்தான்" என்றான் ரூபன்,
கையில் சொதிக் கரண்டியோடு.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு மேசை விளிம்பில் ஒரு சின்னக் கை ஏறி
தாழ்ப்பாளைத் தடவிக் கண்டுபிடித்து
இழுத்தது.